பிறமொழிப் பாட்டும் நம் எழுத்தும்



இவ்வாண்டுப் பரிசளிப்பு மேடையில் நம் பிள்ளைகள் ஓர் ஆங்கிலப் பாட்டும் ஒரு ஸ்பானியப் பாட்டும் பாடுகிறார்கள். ஸ்பானியப் பாட்டு என் யோசனை அல்ல. கைத்தொலைபேசியில் கேட்டுவிட்டு அவர்களே கொண்டுவந்தது. பயிற்சித் தாளை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தமிழ் எழுத்துத்தான் தெரியும். நடுநடுவே எழுத்தின் தலையில் எண்களும், வால் முளைத்த சில குறிகளும் இருக்கும். "என்ன டீச்சர், இங்கிலீஷ் பாட்டைத் தமிழ்ல எழுதிக் கொடுக்கிறீங்களே, மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சிரிப்பார்கள் என்பது எனக்கே தெரியும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பட்டணத்தில் ஒரு பாட்டுப் போட்டி. ஆங்கிலப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி மடித்து வைத்திருந்தேன். நடுவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. பாடாமலே இறங்கி வந்தேன். நான் செய்தது திருட்டு வேலை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். பயிற்சி பெற்று ஆசிரியையாகி, நாலு புத்தகம் படித்த பிறகுதான், என்னைவிடப் பெரியவர்கள் எல்லாம் இதே வேலையைச் செய்தவர்கள் என்று தெரிந்தது.

முதலில் நம் தோட்டக் கதையையே பார்ப்போம். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் தமிழ் படித்துப் பரீட்சை தேற வேண்டும் என்ற ஏற்பாடு மலாயாவில் இருந்தது. நம் எழுத்து தெரியாதவர்களுக்காகத் தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதிய சிறு புத்தகங்கள் இருந்தன. "இங்க வா", "கொழுந்து எடு" என்பதையெல்லாம் அப்படிப் பார்த்துப் பழகலாம். துரை அந்தப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் படிப்பு. என் கையில் இருந்த தாளுக்கு மட்டும் வேறு பெயர்!

இசை உலகத்துக்கு வருவோம். தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்து, பெரும்பாலும் தெலுங்கில் பாடினார். அந்தக் கீர்த்தனைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் எப்படிப் படிப்பது? தமிழில் 'க' ஒன்றுதான். 'கல்' என்றால் வன்மையாகவும், 'தங்கம்' என்றால் மென்மையாகவும் இடம் பார்த்து நாமே ஒலித்துக்கொள்கிறோம். தமிழுக்கு அது போதும். தெலுங்கிலோ நான்கு 'க' உண்டு. எது எந்த இடத்தில் வரும் என்று இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே, இசைப் புத்தகம் அச்சிட்டவர்கள் எழுத்தை மாற்றாமல், பக்கத்தில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டார்கள். எவ்வளவு சிக்கனமான வேலை பாருங்கள்! நம் தாளில் உள்ள எண்களும் அங்கிருந்து வந்தவைதாம்.

சினிமாப் பாட்டுக்கு வந்தால், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களைத் தெரியாத லயம் நம் தோட்டத்தில் உண்டா? தாய்மொழி தெலுங்கு. எந்த மொழிப் பாட்டானாலும் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவது அவர் வழக்கம். 1981-ல் 'ஏக் தூஜே கே லியே' என்ற இந்திப் படத்துக்கு அவரைப் பாடவைக்க வேண்டும் என்று இயக்குநர் பாலசந்தர் சொன்னபோது, தென்னாட்டுக் குரலில் இந்தி சரியாக வருமா என்று இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த்–பியாரேலால் தயங்கினார்களாம். கதாநாயகனே தமிழ்ப் பையன்தானே என்று பாலசந்தர் விடவில்லை. அந்தப் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஆனால் தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அதுவும் பக்கத்து நாட்டில். பாங்காக்கில் மார்கழி, தை ஒட்டி நடக்கும் அரச சடங்குக்குத் 'திரியம்பாவை, திரிபாவை' என்று பெயர். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையை அங்குள்ள பிராமணர்கள் ஓதி வந்தார்கள். அந்தச் சடங்கின் பெரிய ஊஞ்சல் ஆட்டம் 1935-ல் நின்றுபோனது; ஓதுவது நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவரும், 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவருமான தனிநாயகம் அடிகளார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேற்று எழுத்தில் எழுதிவைத்து, பொருள் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக ஓதியதில், தமிழர் காதுக்கே அது தமிழென்று பிடிபடாத அளவுக்கு ஒலி திரிந்துவிட்டது. திருத்திச் சொல்ல அங்கே ஒரு தமிழ்க் காது இல்லை, அவ்வளவுதான். இதனால்தான் தாளைக் கொடுத்த பிறகும் பாட்டைப் பத்துத் தடவை கேட்கச் சொல்லிப் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறேன்.

வால் முளைத்த குறிகள் எங்கிருந்து வந்தன? 1886-ல் பாரிஸ் நகரில், பால் பாசி என்பவரோடு சேர்ந்த பள்ளிக்கூட மொழியாசிரியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஓர் ஒலிக்கு ஒரு குறி என்பது அவர்கள் கொள்கை. அதுவே உலக ஒலிப்புக் குறிகளாக வளர்ந்தது. இன்று மேல்நாட்டு இசைக் கல்லூரிகளில் பாடகர்கள் அதை வைத்தே அயல்மொழிப் பாட்டைப் பழகுகிறார்கள். நம் 'ங்' ஒலிக்கு ஆங்கில 'என்' எழுத்தின் வலது காலில் ஒரு கொக்கி. பல்லுக்கிடையில் நாக்கை நீட்டி ஊதும் ஆங்கில ஒலிக்கு ஒரு கிரேக்க எழுத்து. நம் பிள்ளைகள் அதைத் 'த' என்று அடித்துவிடுவார்கள். 'வ' ஒன்றை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளையும் ஓட்டுவதும் நம் பழக்கம். கீழுதட்டைப் பல் தொடுகிறதா, இல்லையா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்பானியம் வந்தபோது பயந்தேன். பார்த்தால் ஆங்கிலத்தைவிட நமக்குச் சுலபம்! ஐந்து உயிர் ஒலிகள். அ, இ, உ, எ, ஒ என்று வைத்துக்கொள்ளலாம். 'ஞ' அப்படியே உண்டு. மேடைப் பேச்சாளர் உருட்டிச் சொல்லும் 'ற' உண்டு. அவர்களுடைய 'த' கூட 'பந்து' என்பதில் ஒரு மாதிரியும், 'பாதை' என்பதில் இன்னொரு மாதிரியும் நம் வாயில் வருவதைப் போலவே இடம் பார்த்து மாறுகிறது. பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

தொல்லை கொடுத்தது தலைகீழாகக் கவிழ்த்த 'இ' எழுத்துக் குறிதான். வாயைத் திறந்தும் திறக்காமலும் வரும் அரைகுறை உயிர் அது. ஆங்கிலத்தில் எங்கு பார்த்தாலும் கிடக்கும். இதை விளக்க மலாயைத் துணைக்கு அழைத்தேன். 'பெராங்' என்றால் ஒரு விதமாகச் சொன்னால் போர். இன்னொரு விதமாகச் சொன்னால் பழுப்பு நிறம். பழைய ஸாபா எழுத்துமுறையில் போருக்குரிய எழுத்தின் தலையில் பிறை போல ஒரு குறி இருந்தது. 1972-ல் புதிய எழுத்துமுறை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதும்போதும் இரண்டுக்கும் 'பெ' என்றே போடுகிறோம்.

சொல்லி முடிக்கவில்லை, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்போ நெகாராகூவிலயும் அந்தக் கவுந்த எழுத்துதானே? நாம 'நெ'ன்னு அழுத்திப் பாடுறோமே!" ஆமாம், நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் பாடி வந்திருக்கிறேன். பாட்டுத் தாளில் அந்த முதல் எழுத்தின் தலையில் அவளே குறியைப் போட்டாள். விழாத் தொடக்கத்தில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது முன்வரிசைப் பிள்ளைகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.