அகலம் இல்லாமல் பிறந்த பக்கம்

வின்டர்தூரில் ரயில் ஏறினால் இடையில் மாறாமலே ஜெனீவா போகலாம். அங்கே சேர்ன் ஆய்வுகூடத்தில்தான் 1991இல் ரிம் பேர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணையத்தளத்தைத் திறந்தார். அதன் பழைய பிரதி ஒன்றை இன்றும் அதே முகவரியில் படிக்கலாம். கணினியில் திறந்து, உலாவியின் சாளரத்தைச் சுருக்கிப் பாருங்கள்: வரிகள் தாமாகவே மடிந்து உள்ளே அடங்கும். அந்தப் பக்கத்துக்கென்று ஓர் அகலமே கிடையாது.

அகலத்தைக் கொண்டுவந்தது பின்னால் வந்த நாங்கள்தான். தாளில் வடிவமைத்துப் பழகிய கை, திரைக்கும் ஓர் அளவு தேடியது. 1024 பிக்சல் திரைகள் பரவியபோது 960 பிக்சல் என்பது எழுதாத சட்டமானது. அதனால்தான் 2007இல் வந்த ஐபோன், எந்தப் பக்கமும் 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு, அதைச் சுருக்கி உள்ளங்கைக்குள் காட்டியது. சேர்னின் பழைய பக்கத்தைக் கைபேசியில் திறந்தால் எழுத்து பொடியாகத் தெரிவதும் இதனால்தான். செய்யாத பிழைக்குத் தண்டனை!

மாணவனாக நான் செய்த முதல் தளமும் 960தான். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா கேட்டார்: "என்ன மோனை, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு?"

2010 மே மாதம் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்க்கொட் ஒரு கட்டுரை எழுதினார். அகலத்தைப் பிக்சலில் அல்ல, விழுக்காட்டில் கொடுங்கள். படங்களைச் சுருங்க விடுங்கள். திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைப்பை மாற்றுங்கள். மூன்றும் ஏற்கெனவே இருந்தவைதான். அவர் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, பெயரும் வைத்தார்.

இப்போது நான் ஒவ்வொரு பக்கத்தையும் 320 பிக்சல் அகலத்தில், தலைப்பில் 'நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று போட்டுத்தான் சோதிக்கிறேன். ஜேர்மன் நீளச் சொற்களைத் தாங்கிய பெட்டிகூடச் சிலவேளை அதில் உடைந்துவிடும்.