கண்வலிப்பூவுக்கு இன்னொரு பேரு

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எங்க காட்டுக்குள்ள நுழைஞ்சதும் "அட, செங்காந்தள்!" என்று போனை எடுத்தார். பக்கத்தில் நின்ற அப்பா, "இல்லீங்க, கண்வலிப்பூ" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். பள்ளிக்கூடத்தில் காந்தளை மனப்பாடம் செஞ்ச எனக்கே, எங்க வேலியில் படர்ந்த கொடிதான் அது என்று தெரிய இருபத்தஞ்சு வயசாச்சு.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ செங்காந்தள். பெண்களின் விரலுக்கு அதைத்தான் உவமை சொன்னார்கள். முருகனுக்கும் அதுதான் கண்ணி. அதே பட்டியலில் 'தோன்றி' என்று தனியாக ஒரு பூ வருகிறது. தோன்றியும் செங்காந்தள்தான் என்பாரும் உண்டு. அப்படியானால் கபிலர் ஒரே பூவை ரெண்டு தடவை எண்ணினாரா? மலையாளத்தில் இந்தக் கொடி இன்னிக்கும் மேந்தோன்னிதான். மொட்டில் பச்சை, விரிந்ததும் மஞ்சள், முதிர முதிரச் சிவப்பு என்று நிறம் மாறுகிற பூவுக்கு ரெண்டு பேர் விழுந்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

1753இல் லின்னேயஸ் இதற்குக் 'கிளோரியோசா சூப்பர்பா' என்று பேர் வைத்தார். அவரும் பூவைப் பார்த்துத்தான் வைத்திருக்கணும். வெள்ளாமைக்காரன் பார்த்தது கிழங்கை. ஏர் மாதிரி ரெண்டு கையாய்ப் பிரிந்து கிடப்பதால் கலப்பைக்கிழங்கு. வடமொழியில் லாங்கலி என்றாலும் கலப்பைச் சமாச்சாரம்தான்.

அடையாளம் லேசு. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடிக்கும். ஆறு இதழும் நெளிந்து பின்பக்கம் மடிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடிந்த மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

எங்க ஆத்தா இதைக் கண்டாலே குச்சியால் நோண்டி எறிவாங்க. "தொடாத சாமி, கண்ணு வலிக்கும்" என்பாங்க. கண் வலித்ததோ இல்லையோ, விஷம் நிஜம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று செத்தவர்கள் உண்டு. எங்க வீட்டிலேயே ரெண்டு வெள்ளாடு போயிருக்கு.

அந்த விஷத்துக்குத்தான் பிறகு விலை வந்தது. கால்சிசின் என்று பேர். கீல்வாதத்துக்கு மருந்து, செடிகளில் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் என்று 1930களில் கண்டதும் பயிர் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வேண்டியதாச்சு. ஐரோப்பாவில் கால்சிகம் என்ற செடியிலிருந்து எடுத்தார்கள். நம்ம கொடியின் விதையிலும் அதுவே இருக்கு. எங்க மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலி வெள்ளாமையானது இப்படித்தான்.

முதலில் விதைக்கிழங்குக்கு எங்கே போவது? வேலியிலும் காட்டிலும் தோண்டினார்கள். விதை போட்டால் பூவுக்கு மூணு நாலு வருசம் காத்திருக்கணும், கிழங்கென்றால் அந்த வருசமே பூக்கும். ஆத்தா தூக்கி எறிந்ததை அப்பா கிலோக்கணக்கில் காசு கொடுத்து வாங்கினார். "வெசத்தக் காசு குடுத்தா வாங்குவ?" என்று ஆத்தா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

நடுவது ஆடியில். கிழங்கின் முனையில்தான் முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கை வீண். செம்மண், தண்ணி நிற்காத இடம், ஏறுவதற்கு முள்கிளுவையும் கம்பியும். பூத்ததும்தான் நிஜமான பாடு. சூல்தண்டு விலகி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேருவது குறைவு. விடிகாலையில் பூப்பூவாய்ப் போய்த் தொட்டு வைக்கணும். அம்மாவும் கூட வருகிற பெண்களும் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை அது. காய் முற்றி விதை எடுக்கத் தை ஆகிவிடும். அதன் பிறகு விலை என்ன என்பதை வியாபாரி சொல்லுவார். ஒரு வருசம் கடன் அடையும், மறுவருசம் மூட்டை வீட்டிலேயே கிடக்கும்.

நண்பர் மாடித்தோட்டத்துக்கு ரெண்டு கிழங்கு கேட்டார். மூணு வயசுப் பிள்ளை இருக்கிற வீடு. கொடுக்கவில்லை, கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

எங்க கிளுவை வேலி போய்க் கல்லுக்காலும் கம்பியும் வந்தாச்சு. மேக்கால மூலையில் மட்டும் ஒரு பழைய கிளுவை மிச்சம். அதில் இந்த வருசம் யாரும் நடாத ஒரு கொடி ஏறி நாலு பூ விட்டிருக்கு. ஆடு கட்டுகிற பக்கம், பிடுங்கிப் போடு என்கிறார் அம்மா. ஆட்டை இடம் மாத்திக் கட்டியிருக்கேன்.