பேப்பர் இல்லாமல் வந்த பேப்பர்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு நாள் காலை எங்க வீட்டு வாசலில் பேப்பர் வந்து விழவில்லை. காபி டம்ளரோடு முழித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டைம்ஸ்-பிகாயூன் ஞாபகம் வந்தது. வெள்ளம் வந்தால் ஒரு பத்திரிகை ஆபீஸ் என்ன ஆகும்ங்கிறதுக்கு அதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரிந்து இல்லை.

1837-ல் ஆரம்பித்த பத்திரிகை. பிகாயூன் என்பது அங்கே புழங்கிய ஸ்பானிஷ் சில்லறைக் காசு, ஆறேகால் சென்ட். பேப்பரின் விலையையே பேராக வைத்துவிட்டார்கள். (நம்மூரில் 'காலணா'ன்னு ஒரு பேப்பர் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்!)

நோலா.காம் என்று இணையதளமும் உண்டு. ஆனா அதை நடத்தியது தனி ஆட்கள், அதே முதலாளியின் வேறு கம்பெனி. நிருபர்களுக்கு ராத்திரி அச்சுக்குப் போகும் நேரம்தான் கணக்கு. அதுக்கப்புறம் தளத்தில் யாராவது ஏத்திக்குவாங்க.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. (புயல் வந்தா ஊர் முழுகும்னு இதே பத்திரிகை 2002-லயே ஐந்து பகுதித் தொடர் எழுதியிருந்தது. யார் கேட்டாங்க?) மறுநாள் காலை ஆபீஸைச் சுற்றித் தண்ணீர் ஏற, அங்கேயே தங்கியிருந்தவர்கள் பேப்பர் கட்டு ஏற்றும் லாரிகளில் தொற்றிக்கொண்டு தப்பினார்கள். முதலில் ஹூமா என்கிற சின்ன ஊர், பிறகு பேட்டன் ரூஜ். விளையாட்டுப் பகுதி ஆசிரியர் டேவிட் மீக்ஸும் ஒரு சின்னக் கூட்டமும் மட்டும் ஒரு லாரியைத் திருப்பிக்கொண்டு, முழுகிய ஊருக்குள்ளேயே செய்தி சேகரிக்கப் போனார்கள்.

மூணு நாள் அச்சே இல்லை. பக்கங்களை வடிவமைத்து பிடிஎஃப்பாகத் தளத்தில் போட்டார்கள். அது போக, நிருபர்கள் எழுதியது அப்பப்பவே வலைப்பதிவாக ஏறியது. ராத்திரி வரைக்கும் காத்திருக்கிற பழக்கம் அந்த வாரத்தோடு போச்சு. ஊரில் கரண்ட் கிடையாது. படித்தவர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறிப்போன ஊர்க்காரர்கள்தான். எங்க தெருவுல தண்ணி எவ்வளவு, எங்க பாட்டி எங்கேன்னு அவங்க எழுதியதெல்லாம் அங்கேயே வந்தது. யார் எந்த மாடியில் மாட்டியிருக்காங்கன்னு மீட்புக்காரர்களும் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

செப்டம்பர் 2-ம் தேதி, ஹூமாவில் இரவல் வாங்கிய அச்சு இயந்திரத்தில் பேப்பர் மறுபடி வந்தது. 2006-ல் இரண்டு புலிட்சர் பரிசுகள். இணையத்தில் வந்த எழுத்தையும் எல்லாப் பத்திரிகைப் பிரிவுகளிலும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததே அந்த வருஷம்தான்.

இதோடு கதை முடிந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

2012 மே மாதம். இனி வாரத்தில் மூணு நாள்தான் அச்சு, மற்றதெல்லாம் இணையத்தில் என்று முதலாளிகள் முடிவெடுத்தார்கள். அந்தச் செய்தி முதலில் வந்தது நியூ யார்க் டைம்ஸின் வலைப்பதிவில். ஊர்ச் செய்தியெல்லாம் முந்திக் கொடுத்தவர்கள், தங்கள் வேலை போகப்போவதை அடுத்த பத்திரிகையின் வலைப்பதிவில் படித்தார்கள்! கிட்டத்தட்ட 200 பேருக்கு வேலை போனது. அதில் பலரும் அந்த 2005 வெள்ளத்தில் வேலை பார்த்தவர்கள்.

முதலாளி பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. வரி விளம்பரம் இணையத்துக்கு ஓடிப்போச்சு. புயலுக்கு முன் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரமாக இருந்த விற்பனை பாதியாகிவிட்டது. ஆனா பேப்பர் இல்லாமலே பத்திரிகை நடத்தலாம்னு உயிரைக் கொடுத்து நிரூபித்த ஆட்களையே வெளியே அனுப்பியதை என்னால ஜீரணிக்க முடியலை. வீட்டில் நெட் இல்லாத ஏழைகளும் வயசானவர்களும் நிறைய இருந்த ஊர் அது. வாசலில் பலகை நட்டு வைத்துச் சண்டை போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2012 அக்டோபரில் தினப் பேப்பர் நின்றது.

பக்கத்து ஊரான பேட்டன் ரூஜிலிருந்து அட்வகேட் என்கிற பத்திரிகை அந்தச் சந்தில் நுழைந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கென்று தினமும் அச்சிட்ட பதிப்பு, அங்கே வேலை போன நிருபர்கள் சிலருக்கு இங்கே வேலை. 2019-ல் டைம்ஸ்-பிகாயூனையே வாங்கிவிட்டார்கள். பழைய பத்திரிகையில் மிச்சமிருந்த 161 பேருக்கும் நோட்டீஸ் போனது. பேரையும் நோலா.காமையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

2005-ல் லாரிகள் போய் ஒதுங்கியதும் அதே பேட்டன் ரூஜ்தான்.