வாசவர் கடை

கும்பகோணத்தில் எங்கள் நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறைகளுக்குத் தாத்தா தன் கைப்படப் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். மேல் வரிசையில் ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், வால்மிளகு. பச்சைக் கற்பூரம் மட்டும் தனியாக, நாலு மிளகு போட்ட கண்ணாடிக் குப்பியில் இருக்கும். மிளகு இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும் என்பார். காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் ஒரு கிராம்பை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். "நோவு சொல்ல வர்றவன் நம்ம மூஞ்சிக்குக் கிட்ட வந்துதான் பேசுவான். அவனுக்கு நம்ம வாய் நாறக் கூடாதுடா."

இருமலுக்கும் மூலத்துக்கும் சத்தமாக மருந்து கேட்பவர்கள்கூட, வாய்நாற்றம் என்றால் கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்பார்கள். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு, "வாய்க்கு ஏதாச்சும் கொடுங்க" என்பார்கள். தாத்தா ஒரு கேள்வியும் கேட்காமல் பொட்டலம் மடித்துக் கொடுப்பார்.

பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தபோது, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்து வணிகர்களில் 'வாசவர்' என்றொரு பெயர் வந்தது. பஞ்சவாசம் விற்பவர்கள் என்று உரையில் இருந்தது. தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதி ஆகிய ஐந்தும்தான் பஞ்சவாசம். தக்கோலம் என்பது வால்மிளகு, இலவங்கம் கிராம்பு, சாதி ஜாதிக்காய் என்று அகராதி சொன்னது. மாலையில் ஓடிவந்து தாத்தாவிடம் சொன்னேன். அவர் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நாம வாசவரா!" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாயை மணக்க வைக்க நம்மவர்கள் கடல் கடந்த சரக்கை அல்லவா வாங்கியிருக்கிறார்கள்! கிராம்பு மொலுக்கா தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஜாதிக்காய் அதை அடுத்த பண்டா தீவுகளுடையது. நல்ல கற்பூரம் சுமத்ரா காட்டு மரங்களின் உள்வயிற்றிலிருந்து வந்தது. கிராம்புக் கன்று நம் மண்ணில் ஊன்றப்பட்டதே 1800-ஐ ஒட்டித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைத் தோட்டத்தில். அதற்கு முன் பல நூற்றாண்டுகள், ஒவ்வொரு கிராம்பும் கப்பலேறித்தான் நம் வாய்க்கு வந்தது. சீனத்து ஹான் அரசவையிலும் பேரரசரிடம் பேசப் போகும் அதிகாரிகள் கிராம்பை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது முறை. தாத்தாவின் வழக்கத்துக்கு அவ்வளவு பழைய சொந்தம் இருக்கிறது.

இந்த வாசங்களை ஏந்தி வந்த இலை வெற்றிலை. மதுரைக்கு வெளியே ஆயர் வீட்டில் கோவலனுக்குச் சோறிட்ட கண்ணகி, அவன் சிலம்பு விற்கப் புறப்படுமுன் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்கும் அமுதோடு, வெற்றிலை பாக்கான அடைக்காயமுதுக்கும் நிவந்தம் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் மதுரைப் பக்கம் வந்துபோன பயணி இபின் பதூதா, வெற்றிலை மூச்சை மணக்கச் செய்யும் என்று எழுதிவைத்தார். 1443-இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்குக்கு அரசர் கொடுத்தவற்றில் வெற்றிலையும் கற்பூரமும் இருந்தன. விருந்தாளிக்குச் சோறு போட்டதோடு கடமை முடிந்துவிடவில்லை. அவர் வாய் மணக்க எழுந்து போக வேண்டும்.

இதில் உள்ள சூட்சுமத்தை எனக்கு விளக்கியவர் ஒரு பல் மருத்துவர். நாக்கின் பின்பகுதியில் காற்றுப்படாத இடத்தில் கிருமிகள் தங்கி, உணவு மிச்சத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. வாய் காய்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். எதையாவது மென்றால் எச்சில் ஊறி வாயைக் கழுவுகிறது. கிராம்பிலும் வெற்றிலையிலும் உள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் கிருமியை அடக்குகிறது. சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது, காலையில் நாக்கு வழிப்பது, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரை அடிக்கடி குடிப்பது என்று பாட்டி விடாமல் சொன்னவையும் வாயை ஈரமாகவும் சுத்தமாகவும் வைத்திருக்கத்தான்.

அந்தப் பாட்டிதான் கன்னத்துப் புண்ணால் செத்துப்போனாள். அவளுடைய வெற்றிலைச் செல்லத்தில் என் சிறுவயதில் கிராம்பும் ஏலமும் இருந்தன. கடைசியில் பாக்கும் புகையிலையும்தான் மிஞ்சின. போர்த்துக்கீசியர் வழியாக இந்த நாட்டுக்கு வந்த புகையிலை, வாசத்துக்கென்று இருந்த செல்லத்தில் இடம்பிடித்து வாசத்தையே வெளியேற்றிவிட்டது. மடியில் கிடந்து கதை கேட்ட நான், அவள் குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் போன பல வருஷம் கழித்து, பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். கண்ணகி கொடுத்த பாக்காயிற்றே என்று மனசு தயங்கியது. ஆனால் பாட்டியின் கன்னத்தைப் பார்த்தவன் நான். பாக்கு வைத்திருந்த இழுப்பறையைக் காலி செய்து, அதில் சோம்பு போட்டேன்.

பஞ்சவாசத்தை விட வேண்டியதில்லை. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரமும் ஏலமும் கிராம்பும் துளசியோடு இன்றும் மணக்கின்றன. வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீரில் இரண்டு ஏலத்தைத் தட்டிப் போட்டால் போதும். கற்பூரம் என்று சூடத்தைப் போட்டுவிடாதீர்கள், அது விஷம். பச்சைக் கற்பூரமும் அரிசி முனையளவுக்கு மேல் ஆகாது.

போன வாரம், பெண் பார்க்கப் போகவிருந்த ஒரு பையன் கடை ஓரத்தில் நின்றான். கூட்டம் கலையும்வரை காத்திருந்தான். ஏலம், கிராம்பு, சோம்பு, இரண்டு வால்மிளகு வைத்துப் பொட்டலம் மடித்தேன். "நாக்கை வழிங்க தம்பி, தண்ணி நிறையக் குடிங்க. பத்து நாள்ல சரியாகலைன்னா பல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். வாயிலிருந்து கையை எடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.