எழும்பூர்ப் பிரசவ வைத்தியசாலையும் தாம்பரத்து மகளிரும்

சென்னையில் 1844-ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்தியசாலை தோன்றிற்று. அதுவே இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. எனினும், குழந்தை குறுக்கே கிடப்பினும், உதிரப்போக்கு நில்லாதொழியினும், ஆடவ வைத்தியரை அகத்துள் விட இசையாத குடும்பங்கள் பல. மகளிர் மாண்டனர். இக்கொடுமை கண்ட மேரி ஷார்லீப் அம்மையார் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். ஜாதியாசாரமும் கோஷாவும் உடைய மகளிர்க்கென 1885-இல் அவர் முயற்சியால் எழுந்ததே திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரி. நம்மனோர் ஆசாரத்திற்காகவே தனி ஆஸ்பத்திரி வேண்டியிருந்தமை நம் சங்கத்தார் கருதற்பாலது.

தாம்பரத்தார்க்குத் தூரமும் ஒரு தடையே. 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் எழும்பூர் அணித்தாயிற்று. 2008 முதல் 108 ஊர்தி வாயிலுக்கே வருகின்றது. அதனை அழைக்க மாமியார் இசைவுக்குக் காத்திருக்கும் இல்லங்கள் நம் தெருக்களிலும் உள.