தரவரிசை இல்லாத காலத்தில் மேலே ஏறியவர்: ராமநாதன் கிருஷ்ணன்

ஒரகடத்தில் எங்கள் டீமில் டென்னிஸ் பைத்தியமான ஒரு தம்பி இருக்கிறான். ரஷ்யாவின் மிர்ரா ஆண்ட்ரீவா 2025 பிப்ரவரியில் துபாய் போட்டியை ஜெயித்து, 17 வயதில் முதல் 10 இடங்களுக்குள் நுழைந்தபோது, "அண்ணே, நம்மூர்ல இந்த மாதிரி யாராவது சின்ன வயசுல ஏறி வந்திருக்காங்களா?" என்று கேட்டான். வந்திருக்கிறார். ஆனால் அவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்று சொல்வதுதான் சிக்கல். ஏனென்றால் அவர் ஆடிய காலத்தில் அளக்கும் கோலே இல்லை.

இன்றைக்கு ஒரு வீரரின் தரவரிசை என்பது ஒரு அல்காரிதம். கடந்த 52 வாரங்களில் எடுத்த புள்ளிகளைக் கூட்டு, வரிசைப்படுத்து, திங்கட்கிழமை வெளியிடு. ஆண்களுக்கு இந்தக் கணினிப் பட்டியல் வந்தது 1973 ஆகஸ்டில், பெண்களுக்கு 1975-ல். அதற்கு முன்னால் வருஷக் கடைசியில் ஒரு சில பத்திரிகையாளர்கள் உட்கார்ந்து முதல் 10 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். லண்டன் டெய்லி டெலிகிராப் பத்திரிகையின் லான்ஸ் டிங்கே போட்ட பட்டியலுக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அது ஒரு மனிதரின் அபிப்பிராயம்தான்.

நாம் பேசப்போகிற ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது 1937 ஏப்ரலில். அப்பா டி.கே. ராமநாதனே நல்ல ஆட்டக்காரர். மகனுக்குக் கோச்சும் அவர்தான். 1953-ல் 16 வயதில் விம்பிள்டன் ஜூனியர் இறுதிப்போட்டி வரை போய், பிரிட்டனின் பில்லி நைட்டிடம் 7-5, 6-4 என்று தோற்றார். அடுத்த வருஷம் திரும்பப் போய் ஜெயித்தார். இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை 6-2, 7-5 என்ற கணக்கில் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். கூப்பர் சாதாரண ஆள் இல்லை. நாலே வருஷத்தில், 1958-ல், ஆண்கள் விம்பிள்டனையே வென்றவர்.

ஜூனியர் பட்டம் வாங்கி அப்புறம் காணாமல் போனவர்கள் நிறைய. கிருஷ்ணனுக்கும் அந்த அபாயம் இருந்தது. அவருடைய சர்வீஸில் வேகம் கிடையாது. புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், பவுன்ஸ் குறைவு. வேகமாக சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடி வருகிறவனுக்குத்தான் அங்கே சாதகம். கிருஷ்ணனின் பலம் வேறு: பந்தைச் சீக்கிரமே எடுப்பது, எதிராளி இல்லாத இடம் பார்த்து மெதுவாக வைப்பது. பலத்தை விடக் கணக்கை நம்பிய ஆட்டம்.

இந்த ஆட்டம் புல்தரையிலும் செல்லும் என்பது 1959-ல் தெரிந்தது. லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியில் நீல் ஃப்ரேசரை வென்று பட்டம் எடுத்தார். அதே வருஷம் டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றாலும், கிருஷ்ணன் தன் ஆட்டத்தில் ராட் லேவரைத் தோற்கடித்தார்.

1960 விம்பிள்டனில் அவர் 7-ஆவது சீடு. அரையிறுதி வரை போய் ஃப்ரேசரிடம் தோற்றார். அதற்கு முன் விம்பிள்டனில் ஒற்றையர் காலிறுதியை எட்டிய இந்தியர் கவுஸ் முகமது மட்டும்தான், அது 1939-ல். 1961-ல் மறுபடியும் அரையிறுதி. இந்த முறை காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வென்றார். அரையிறுதியில் லேவரிடம் 6-2, 8-6, 6-2 என்று தோல்வி. இரண்டு முறையும் அவரைத் தோற்கடித்தவர்தான் அந்த வருஷச் சாம்பியன். 1962-ல் சீடு 4-ஆகக் கூடியது. ஆனால் கணுக்காலில் அடிபட்டு பாதியில் விலக வேண்டியதாயிற்று.

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவின் ஜாக் கிரேமர் அப்போது தொழில்முறை டென்னிஸ் குழு ஒன்றை நடத்திவந்தார். அவர் கிருஷ்ணனுக்கு மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர் உத்தரவாதம் தருவதாகச் சொன்னார். அன்றைய டாலர் மதிப்பு ரூ. 4.76. பெருக்கிப் பாருங்கள், 7 லட்சம் ரூபாய்க்கு மேல். கிருஷ்ணன் வேண்டாம் என்றுவிட்டார். பிற்காலத்தில் சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார்.

"போயிருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. காரணம், அன்றைய விதிகள்.

கையெழுத்துப் போட்ட மறுநாளே ஒருவர் அமெச்சூர் இல்லை. விம்பிள்டன் கதவு மூடிவிடும். டேவிஸ் கோப்பையும் கிடையாது. 1957-ல் தொழில்முறைக்குப் போன கென் ரோஸ்வால் மறுபடி விம்பிள்டனில் ஆடியது 1968-ல்தான், எல்லோருக்கும் போட்டி திறந்துவிடப்பட்ட பிறகு. கிருஷ்ணனும் உடனே போயிருந்தால், நாம் இன்று பெருமையாகச் சொல்கிற இரண்டு அரையிறுதிகளில் ஒன்றோ இரண்டுமோ நடந்தே இருக்காது. கையில் காசு இருந்திருக்கும், ஊர் ஊராகப் போய் உள்ளரங்கில் ஆடியிருப்பார், வரலாற்றில் இவ்வளவு தெளிவான தடம் இருந்திருக்காது.

1966-ம் இருந்திருக்காது. அந்த டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை, நாலாவது செட்டிலும் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5, அடுத்ததை 6-2 என்று எடுத்து இந்தியாவை முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். மெல்போர்னில் இந்தியா 4-1 என்று தோற்றது. கிடைத்த அந்த ஒரு புள்ளியும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்றதால் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1960, 61 விம்பிள்டனில் கோன்சாலஸ் இல்லை, ஹோட் இல்லை, ரோஸ்வால் இல்லை. எல்லோரும் கிரேமர் பக்கம். அதனால் விம்பிள்டன் அரையிறுதி என்றால் உலகின் முதல் 4 பேரில் ஒருவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிங்கே 1961-ல் கொடுத்த 6-ஆம் இடமும் அமெச்சூர்களுக்குள் மட்டும்தான்.

அப்படியானால் உண்மையான உயரம் என்ன? கிரேமர் சொன்ன தொகைதான் நல்ல அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பத்திரிகையாளர் இல்லை, வியாபாரி. டிக்கெட் விற்காத, கோன்சாலஸுக்கும் ரோஸ்வாலுக்கும் எதிரே நிற்க முடியாத ஒருவருக்கு அவர் 1,50,000 டாலர் கொடுக்கமாட்டார். இரண்டு உலகத்தையும் சேர்த்துப் பார்த்து விலை போட்டவர் அவர். கிருஷ்ணன் ஏற்க மறுத்த அந்தத் தொகைதான் அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதற்கு நமக்குக் கிடைக்கிற சான்று.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-ல், அப்பா ஜெயித்து சரியாக 25 வருஷம் கழித்து, அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். அவர் காலத்தில் கணினிப் பட்டியல் வந்துவிட்டது. அவருடைய உச்ச இடம் 23 என்று யாரும் சந்தேகமில்லாமல் சொல்லலாம். விஜய் அமிர்தராஜுக்கு 18. அப்பாவுக்கு அப்படி ஒரு எண் இல்லை. ஆனால் 1961-க்குப் பிறகு இன்றுவரை எந்த இந்தியரும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதியில் ஆடவில்லை.