ஹாலோவீன் பேய் வீடு

ஹாலோவீன் பேய் வீடு என்பது கேளிக்கைப் பூங்காக்களில் இலையுதிர் கால இரவுகளில், பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், நடத்தப்படும் திகில் நடைவழி. பார்வையாளர்கள் இருட்டறைகளின் ஊடாக வரிசையாக நடந்து போவார்கள். மறைவில் நிற்கும் வேடதாரிகள் திடீரெனப் பாய்ந்து அவர்களை அலற வைப்பார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் இதை ‘மேஸ்’ என்பார்கள். வழி தெரியாமல் அலைய வைக்கும் சுற்றுப்பாதை என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆனால் இங்கே தொலைந்துபோக இடமே இல்லை. நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல், நடுவே கிளை பிரியாத ஒரே பாதை, அவ்வளவுதான். நம்மூர்ப் பொருட்காட்சிகளில் சீட்டு வாங்கி நுழையும் ‘பேய் வீடு’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பயமுறுத்தும் உத்திகள் வளர்ந்தபோதெல்லாம், அந்தப் பயத்துக்கு வேலி போடும் விதிகளும் பின்னாலேயே வந்தன. இந்த இரண்டும் சேர்ந்ததே பேய் வீட்டின் வரலாறு.

பண்டிகையின் வேர்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை ‘சாவின்’ என்று கொண்டாடினர். அன்றைக்கு ஆவிகள் மனிதரிடையே உலவும் என்பது நம்பிக்கை. பின்னர் கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் திருநாளாக்கியது. அதற்கு முந்தைய மாலை ஹாலோவீன் ஆனது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுக் கிளம்பிய லட்சக்கணக்கானோரால் அமெரிக்காவில் இந்த வழக்கம் பரவலாக வேரூன்றியது.

முன்னோடிகள்

காசு கொடுத்துப் பயப்படும் பழக்கம் ஐரோப்பிய நகரங்களில் தொடங்கியது. 1790-களின் இறுதியில் எத்தியேன் காஸ்பார் ராபர்ட் என்பவர் பாரிசில் கைவிடப்பட்ட ஒரு கப்புசின் மடாலயத்தில் பேய்க்காட்சி நடத்தினார். திரைக்குப் பின்னால் சக்கரம் பூட்டிய படவிளக்கை நகர்த்துவார். திரையில் தெரியும் உருவம் பெரிதாகிப் பார்ப்பவர்மேல் பாய்வதுபோல் தோன்றும். பிரெஞ்சுப் புரட்சியில் தலை துண்டிக்கப்பட்டவர்களின் முகங்களை மெழுகில் வடித்த மேரி துசோ, 1835-ல் லண்டன் பேக்கர் தெருவில் நிலையான கண்காட்சி அமைத்தார். அதில் கொலைகாரர்களுக்கும் கில்லட்டின் தலைகளுக்கும் தனி அறை இருந்தது. 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் அரங்கேற்றிய கண்ணாடி உத்தி இன்னொரு திருப்பம். மேடைமுன் சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடியில், பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில் நிற்கும் நடிகரின் பிம்பம் விழும். மேடையில் ஊடுருவித் தெரியும் ஆவி நிற்பதுபோல் இருக்கும். ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் கண்டுபிடித்த இந்த உத்தி ‘பெப்பரின் பேய்’ என்றே பெயர் பெற்றுவிட்டது.

நடந்து பார்க்கும் பேய் வீடுகளில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழையதாகக் கருதப்படுவது, ஆர்ட்டன் அண்டு ஸ்பூனர் நிறுவனம் 1915-ல் கட்டியது. இங்கிலாந்தின் ஹாலிகோம் நீராவி இயந்திரக் காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

தெருவிலிருந்து நிலவறைக்கு

பேய் வீட்டுக்கு அமெரிக்க உருவம் கொடுத்தது 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். ஹாலோவீன் இரவில் இளைஞர்கள் கார்களைக் கவிழ்ப்பதும் தெருவிளக்குகளை உடைப்பதும் வழக்கமாகியிருந்தது. 1933-ல் அது எல்லை மீறியது. பையன்களைத் தெருவிலிருந்து உள்ளே இழுக்க ஊர்க் குழுக்கள் விருந்து, வேடப்போட்டி எல்லாம் ஏற்பாடு செய்தன. வீட்டு நிலவறைகளில் ‘திகில் பாதை’ அமைப்பதும் அந்த ஏற்பாடுகளில் ஒன்று. இருட்டில் நடப்பவரின் கை படும் சுவரில் பழைய ரோமத் துணியும் பச்சை ஈரலும் தொங்கும்; உத்தரத்திலிருந்து ஈரப் பஞ்சு முகத்தில் உரசும். செலவு சில காசுகள்தான், ஆனால் பையன்கள் அலறிக்கொண்டே திரும்ப வந்தார்கள். ஆக, பேய் வீடு அமெரிக்காவில் காலூன்றியதே பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்கத்தான். 1970-களில் ஜேசீஸ் இளைஞர் அமைப்பின் கிளைகள் நிதி திரட்டுவதற்காக இதையே ஊர் ஊராக நடத்தின.

நடையா, வண்டியா?

பூங்காக்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. டிஸ்னிலாந்தின் ‘ஹான்டட் மேன்ஷன்’ முதலில் நடந்து பார்க்கும் வீடாகவே திட்டமிடப்பட்டது. வெளிக்கட்டடம் 1963-லேயே எழுந்துவிட்டது. ஆனால் நடப்பவர் நின்று நின்று பார்த்தால் மணிக்குச் சில நூறு பேருக்குமேல் அனுப்ப முடியாது. அதனால், இடைவிடாமல் நகரும் இருக்கை வண்டிகளோடு 1969 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அங்குள்ள நடன மண்டபத்தில் ஆவிகள் ஆடுவது நூறாண்டுப் பழைய பெப்பர் உத்தியால்தான். வண்டி வசதியானது. ஆனால் உட்கார்ந்திருப்பவரிடம் ‘அடுத்த அடி எடுத்து வைக்கலாமா’ என்ற தயக்கம் இராது. அந்தத் தயக்கத்தை மறுபடி கொண்டுவந்தது பக்கத்து ஊர்ப் பூங்கா ஒன்று.

நாட்ஸ் பண்ணை, 1973

கலிபோர்னியாவின் பூயனா பார்க்கில் வால்டர் நாட், கார்டீலியா தம்பதியின் பழப்பண்ணை இருந்தது. 1934-ல் கார்டீலியா தொடங்கிய கோழிக்கறிச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வரிசை கட்டவே, காத்திருப்போருக்குப் பொழுதுபோக வால்டர் 1940-ல் பழைய சுரங்க ஊரின் சாயலில் ‘கோஸ்ட் டவுன்’ ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்.

1973 அக்டோபரில் மூன்று இரவுகள் அங்கே ஹாலோவீன் நிகழ்ச்சி நடந்தது. சுரங்க ரயிலிலும் மரக்கட்டைப் படகுச் சவாரியிலும் பொம்மைப் பேய்களை நிறுத்தினார்கள். அந்தச் சவாரிகளை வடிவமைத்த பட் ஹர்ல்பட்டுக்கு அது போதவில்லை. அவரே கொரில்லா உடை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் நின்று பயணிகளைப் பயமுறுத்தினார் என்பது பூங்காவின் கர்ணபரம்பரைக் கதை. பொம்மைக்கு இல்லாத சாமர்த்தியம் மனிதனுக்கு உண்டு: யார் அதிகம் பயப்படுகிறார் என்று பார்த்து, அவரை நோக்கிப் போவான். அடுத்த ஆண்டே சீட்டுகள் தீர்ந்துபோயின. 1980-களில் தனி மேஸ்கள் வந்தன. தொலைக்காட்சியின் எல்வைரா பாத்திரமாகக் கசாண்ட்ரா பீட்டர்சன் பல ஆண்டுகள் மேடையேறினார்.

நாட்ஸ் கொடுத்த இன்னொரு கொடை ‘ஸ்லைடர்கள்’. முழங்காலிலும் கையுறையிலும் உலோகத் தகடு கட்டிய நடிகர்கள் புகைமூட்டத்துக்குள் ஓடிவந்து தரையில் சறுக்குவார்கள். தகடு உரசித் தீப்பொறி பறக்கும். பார்வையாளரின் காலடிக்கு ஓரடி முன்னால் வந்து நிற்பார்கள். தொடமாட்டார்கள்.

தீ

1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் ஜாக்சன் பகுதியில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் ‘ஹான்டட் காசில்’ தீப்பற்றியது. லாரிகளின் இழுவைப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கிய பேய் வீடு அது. உள்ளே எளிதில் பற்றும் நுரைப்பஞ்சு இருந்தது. தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. எட்டுப் பதின்பருவத்தினர் உயிரிழந்தனர். வழி தெரியாதபடி அமைத்த இருட்டும் குழப்பமும்தான் பேய் வீட்டின் முதலீடு. தீ விபத்தின்போது அதுவே எமனாகியது.

இதன் பிறகு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் இத்தகைய கட்டடங்களைத் தனி வகையாகக் கருதி இறுக்கப்பட்டன. நீர்த்தெளிப்பான், புகை உணரி, தீத்தடுப்புப் பூச்சு ஆகியவை கட்டாயமாயின. உணரி புகையைக் கண்டதும் விளக்குகள் எரிய வேண்டும், பயமுறுத்தும் ஒலியும் ஒளியும் தாமாக நிற்க வேண்டும். பேய் வீடு நொடியில் சாதாரண வீடாக மாறியாக வேண்டும் என்பதே அந்த விதியின் சாரம்.

யூனிவர்சலின் வருகை

திகில் படங்களால் பெயர் பெற்ற யூனிவர்சல் நிறுவனம் 1991 அக்டோபர் 25, 26, 31 ஆகிய மூன்று இரவுகள் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ‘ஃபிரைட் நைட்ஸ்’ நடத்தியது. கட்டணம் 12.95 டாலர். அப்போது இருந்தது ஒரே ஒரு பேய் வீடு, அதுவும் ‘ஜாஸ்’ சவாரியின் வரிசைப் பகுதிக்குள். அடுத்த ஆண்டு அந்த நிகழ்ச்சியின் பெயர் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ ஆனது. 2000-ல் ஜாக் என்ற கோமாளி அதன் அடையாளமானான். இன்று ஒரே பருவத்தில் பத்து வீடுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் என்று அது வளர்ந்திருக்கிறது. ‘தி ஷைனிங்’, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ போன்ற படைப்புகளின் காட்சிகளுக்குள்ளேயே நடந்து போகலாம் என்பது பெரிய ஈர்ப்பு. கூட்டமான இரவில் ஒரு மணி நேரத்துக்குமேல் வரிசையில் நிற்பவர், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். அதனால் வரிசையைத் தாண்டிப் போகும் ‘எக்ஸ்பிரஸ்’ சீட்டு தனி வியாபாரமாகிவிட்டது.

இயங்கும் விதம்

பேய் வீட்டுக்காரர்களின் முதல் பாடம் கண்ணைத் திருப்புவது. இடப்பக்கம் ஒரு பிணம் அசைகிறது. எல்லாரும் அங்கே பார்க்கும்போது வலப்பக்கச் சுவரில் ஒரு பலகை படாரென இறங்க, அதன் பின்னிருந்து முகம் பாய்கிறது. அந்த நடிகரின் காலடியில் ஒரு பொத்தான் இருக்கும். மிதித்தால் ஒலியும் ஒளியும் சேர்ந்து வெடிக்கும். சரியான நொடியைத் தேர்ந்தெடுப்பது அவர் கையில், அல்லது காலில்.

சங்கிலிபோல் இடைவிடாமல் வரும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே பயத்தைப் பார்த்தால், பின்னால் வருபவருக்கு மிச்சமிருக்காது. அதனால் ஒரே பாத்திரத்தை இரண்டு நடிகர்கள் எதிரெதிர் மூலைகளில் நின்று மாறி மாறிச் செய்வார்கள். தொண்டையும் முழங்காலும் தாங்காது என்பதால் நடிகர்களை முறை வைத்து மாற்றுவார்கள். பழகிய ஆயுதம் வாசலருகே காத்திருக்கும் மரம் அறுக்கும் இயந்திர வாள். இரைச்சலும் எரிபொருள் நெடியும் அசல், அறுக்கும் சங்கிலி மட்டும் கழற்றப்பட்டிருக்கும்.

பிற நாடுகளில்

யூனிவர்சல் 2011-ல் இந்த நிகழ்ச்சியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனது. அங்கே மேற்கத்தியக் கோமாளிகளோடு உள்ளூர் அச்சங்களும் இடம்பெற்றன. 2018-ல் மலாய் நாட்டுப்புறக் கதைகளின் பெண்பேயான பொந்தியானாக்கின் பெயரிலேயே ஒரு வீடு கட்டப்பட்டது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் அந்தப் பேய் சிறுவயதுக் கதை. ஜப்பானில் பேய் வீட்டின் பருவம் இலையுதிர் காலம் அல்ல, கோடை. முன்னோரின் ஆவிகள் வீடு திரும்பும் ஒபோன் திருநாளும், உடலைச் சில்லிட வைத்தால் வெயில் தெரியாது என்ற பழைய நாடகக் கொட்டகை வழக்கும் அதற்குக் காரணம்.

ஆய்வும் சர்ச்சையும்

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பார்வையாளர்களுக்கு இதயத்துடிப்பு அளவி கட்டி ஒரு பேய் வீட்டுக்குள் அனுப்பினர். 2020-ல் வெளியான முடிவு இது: பயம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இன்பம் இல்லை, நடுவிலிருக்கும் ஓர் அளவில்தான் இன்பம் உச்சம் தொடுகிறது.

எதைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்ற கேள்வியும் எழுந்தது. 2016-ல் நாட்ஸ் பூங்கா மனநல மருத்துவமனையைக் களமாக வைத்த மெய்நிகர்க் காட்சிக்கு 5150 என்ற எண்ணைப் பெயரில் சேர்த்தது. மனநலப் பாதிப்புள்ளவரை அவர் சம்மதமின்றித் தடுத்துவைக்கும் கலிபோர்னியச் சட்டப்பிரிவின் எண் அது. நோயாளிகளைப் பேயாக்குவதா என்று மனநல அமைப்புகள் கண்டித்ததும் காட்சி மூடப்பட்டது. சண்டை சச்சரவுகள் கூடியதால், 2022-ல் அதே பூங்கா பெரியவர் துணையில்லாத சிறாருக்கு அனுமதி மறுக்கத் தொடங்கியது. பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே அழைக்கப் பிறந்த வீடு, இப்போது அவர்களை வாசலில் நிறுத்திப் பெற்றோரைக் கேட்கிறது.

ஆர்லாண்டோவில் பகலிலும் பேய் வீட்டைப் பார்க்கலாம். விளக்கெல்லாம் போட்டு, வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் கட்டணச் சுற்றுலா அது. ஒட்டுப்பலகைச் சுவர், நடிகர் நிற்கும் பொந்து, காலடிப் பொத்தான் எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வரும். இரவில் கதறியவர்கள் அதற்கும் சீட்டு வாங்குகிறார்கள்.